போர்வைக்குச் சூடு இல்லை

2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை பின்னேரம். கனடாவிலிருந்து தங்கச்சியின் மகன் வாட்ஸ்அப்பில் எடுத்தான். தலையில் துவாயைச் சுற்றி, வீட்டுக்காரரின் பழைய ஸ்வெற்றரை மாட்டி, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி குசினி வாசலில் இருந்தேன். என் கோலத்தைக் கண்டதும் அவனுக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

"பெரியம்மா, உங்கட ஊரில இப்ப எத்தின பாகை?"

கைப்பேசியைத் தடவிப் பார்த்துச் சொன்னேன். இருபத்தொன்று.

"இஞ்ச இருபத்தொன்று வந்தா நாங்க கட்டைக் காற்சட்டையோட ஏரிக்குக் குளிக்கப் போவம்."

நானும் சிரித்தேன். வேறென்ன செய்கிறது? அழைப்பை வைத்த பிறகுதான் எனக்கு மறுமொழி வந்தது, எப்போதும் போல. அவன் இருந்த அறைக்குள்ளும் அந்த நேரம் இருபத்தொரு பாகைதான் இருந்திருக்கும். சுவருக்குள்ளே ஓடும் சூடு அப்படித்தான் வைத்திருக்கும். ஆனால் அது காய்ந்த இருபத்தொன்று. எங்களுடையது மூன்று நாள் மழையில் ஊறி, வாடைக்காற்று விசிறி அடித்த இருபத்தொன்று. கொடியில் போட்ட சாரம் காயவில்லை, பாய் சதசதக்கிறது, உப்புப் போத்தலுக்குள் தண்ணீர் விட்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் இதற்குக் குளிர் என்று பேரில்லை. கூதல். சொல்லும்போதே தோள் ஒடுங்கும்.

அந்த மழையைக் கொண்டுவந்த மாண்டஸ் புயல் இலங்கையின் கிழக்கே எங்கள் கரையில் ஏறவில்லை. கடலோடு வடக்கே போய் அன்று இரவு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் தரையேறியது. போகிற வழியில் எங்களுக்கு மழையையும் காற்றையும் சாம்பல் பூசின வானத்தையும் விட்டுப் போனது. காற்றில் தூசி கூடிவிட்டதென்று அன்றைக்கு நாடு முழுதும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அதற்குள் வடக்கிலும் கிழக்கிலும் பட்டி பட்டியாக மாடுகள் விழுந்துகொண்டிருந்தன. மாடு, எருமை, ஆடு என்று ஆயிரத்துக்கும் மேலே. முதலில் ஏதோ நோய் என்று பயந்து, இந்தப் பக்கத்து இறைச்சியை வெளியே கொண்டுபோகத் தடை போட்டார்கள். ஆராய்ந்து பார்த்துக் கடைசியில் சொன்ன காரணம் குளிர். தனிக் குளிர்.

பெரும்போகத்து வெள்ளாமை நிலத்தில் நிற்கிற காலம் அது. வட்டைக்குள் மாடு இறங்கக்கூடாது என்று பட்டிகளைத் தூரத்து வெளிகளுக்குச் சாய்த்துக்கொண்டு போயிருப்பார்கள். அங்கே கூரை இல்லை, மறைப்பும் இல்லை. பட்டி வைத்திருக்கும் ஒருவர், என் கையில் வளர்ந்த பிள்ளையின் தகப்பன், பிறகொரு நாள் எனக்குச் சொன்னார்: "நடுவில நெருக்கி நிண்டது பிழைச்சிட்டு மிஸ்ஸி. காத்துப் பக்கம் ஓரத்தில நிண்டதும், விலகித் தனிய நிண்டதும்தான் போயிட்டு."

அவர் மாட்டைப் பற்றித்தான் பேசினார். நான் அதை மாட்டோடு விடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தமிழே குளிரைக் கொண்டாடுகிற தமிழ். மனம் குளிர்ந்தது என்கிறோம், கண் குளிரக் கண்டோம் என்கிறோம். வைகாசியில் தம்பிலுவில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடக்கும். அதன் முடிவுக்குப் பெயரே குளிர்த்தி. மதுரையை எரித்த தாயின் சூட்டை ஆற்றி, அவளைக் குளிரப்பண்ணி, ஊரைக் காத்துத் தரும்படி கேட்பது. பத்ததி தெரிந்த கட்டாடியார் பாட, நள்ளிரவில் ஊரே நின்று கேட்கும். கச்சான் காற்று நெருப்பாய் வீசத் தொடங்கும் நேரத்தில் குளிரைவிட வேறென்ன வரம் கேட்பது? வீடும் அந்த வரத்தை நினைத்துத்தான் கட்டியிருக்கிறோம். சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் ஒரு சாண் வெளி, யன்னலுக்கு மேலே பூக்கல். காற்று வந்து போக வேண்டும். மார்கழியில் அதே வழியால் வாடை வரும்போது அடைப்பதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. அலுமாரியில் சேலையும் சாரமும் இருக்கும், கம்பளி இருக்காது. குளிரைப் பேரிடர் என்று எண்ணுகிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இல்லை, கந்தோரிலும் இல்லை. வெள்ளம் வந்தால் கணக்கெடுக்க வருவார்கள். கூதலுக்கு யார் வருவார்?

முப்பது வருடத்துக்கு மேலே குடும்பநல உத்தியோகத்தராக இருந்தேன். அந்த நீண்ட பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். வெள்ளைச் சேலையில் சைக்கிள் மிதித்த காலத்திலிருந்து ஸ்கூட்டிக்கு மாறின காலம் வரை சனத்துக்கு நான் மிஸ்ஸிதான். பிள்ளைத்தாச்சியைப் பதிவதும், நிறை பார்ப்பதும், ஊசித் திகதி சொல்வதும், பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் இரண்டு தடவையாவது வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் வேலை. கடைசி வருடங்களில் என் பிரிவு அக்கரைப்பற்றில், முழுதும் முஸ்லிம் வீடுகள்.

அந்த டிசம்பர்க் கூதலுக்குள் ஒரு வீட்டுக்குப் போனேன். தலைப்பிள்ளை. இரண்டு கிலோவும் நூறு கிராமும். அறை யன்னலைப் பூட்டி, பூக்கலுக்குள் பழந்துணி அடைத்து, தொட்டிலுக்குள் பிள்ளையை வைத்து மூன்று போர்வையால் மூடியிருந்தார்கள். தொப்பி, கையுறை, காலுறை எல்லாம் உண்டு. காலுறையைக் கழற்றிப் பாதத்தைத் தொட்டேன். மீன்பெட்டிக்குள் கை வைத்தது போலக் கிடந்தது. கமக்கட்டில் தேர்மோமீட்டர் முப்பத்தாறு காட்டியது. பிறந்த பிள்ளைக்கு முப்பத்தாறரைக்குக் கீழே போகக்கூடாது.

"மூணு போர்வை போத்தித்தானே வெச்சிருக்கம் மிஸ்ஸி, பின்னயும் கால் சில்லெண்டு கிடக்கு" என்று உம்மம்மா கலங்கினா.

அவவுக்கு நான் சொன்னதை இங்கே சொல்லிவிடுகிறேன். போர்வைக்குச் சூடு இல்லை. உள்ளே இருக்கிற உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடிப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். உள்ளே இருக்கிறது இரண்டு கிலோ உடம்பு. அதற்கு நடுங்கிச் சூடு உண்டாக்கவே தெரியாது. பிடரியிலும் தோளிலும் ஒட்டியிருக்கிற கொஞ்சம் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கும், நிறை குறைந்த பிள்ளைக்கு அதுவும் போதாது. நிறைக்குப் பார்த்தால் தோல் பரப்பு அதிகம். ஈரத்தாலே, காற்றாலே, தொடுகிற குளிர்ந்த துணியாலே, பக்கத்துக் குளிர்ந்த சுவராலே என்று நான்கு வழியாலும் இருக்கிற சூடு போய்க்கொண்டிருக்கும். மூன்று போர்வை என்ன, முப்பது போட்டாலும் குளிர்ந்த கல்லை மூடி வைத்தது போலத்தான். அதற்கு வேறோர் உடம்பு வேண்டும்.

உடுப்பைக் கழற்றி, தொப்பியையும் அணையாடையையும் மட்டும் விட்டு, தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கிடத்தி, மேலே பழைய சேலையால் சுற்றிக் கட்டினோம். மூக்கும் வாயும் மூடாமல், கழுத்து மடங்காமல். தாய் சாப்பிட வேண்டும், கழுவ வேண்டும், கொஞ்சம் கண்ணும் மூட வேண்டும். அடுத்த ஆள் யார் என்று பார்த்தேன். வாசலில் வாப்பா நின்றார். ஓட்டோ ஓடுகிற இளம்பிள்ளை.

"சேட்டைக் கழட்டுங்க தம்பி" என்றேன்.

முகம் சிவந்துபோயிற்று. "மாமி நிக்கிறா மிஸ்ஸி" என்று என் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

எங்கள் கரையில் தமிழரும் சரி, முஸ்லிம்களும் சரி, வீடு பெண்ணுக்கு. சீதனமாகத் தாய் வீடோ, அதே வளவுக்குள் புது வீடோ மகளுக்குப் போகும். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்வார். குடி பார்ப்பதும் தாய் வழியில்தான், இரண்டு பக்கமும். அக்கரைப்பற்றில் தங்கி இதையெல்லாம் ஆராய்ந்த டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்கர் 2008இல் பெரிய புத்தகமே போட்டிருக்கிறார். அவருக்கு அது ஆராய்ச்சி. இந்த மருமகனுக்கு அது மாமியாரின் வீட்டுக்குள், மாமியாருக்கு முன்னால், சட்டையைக் கழற்றுகிற சங்கடம்.

உம்மம்மா நிலைமையைப் புரிந்துகொண்டா. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, "நான் பாக்கல்ல மருமகன், நீங்க கழட்டுங்க" என்றா. அறை முழுதும் சிரித்தது. அரை மணித்தியாலத்தில் பிள்ளையின் பாதம் இளஞ்சூட்டுக்கு வந்தது. வாப்பா அசையாமல் கதிரையில் சாய்ந்திருந்தார், வெடித்துவிடுகிற எதையோ மார்பில் வைத்திருப்பவர் போல.

"எவ்வளவு நேரம் இப்பிடி மிஸ்ஸி?"

"ஏலுமான நேரமெல்லாம்."

"அப்ப ஓட்டோ?"

சுவரைப் பார்த்து நின்றபடியே மாமி சொன்னா: "இந்த மழையில ஆரு மகன் ஓட்டோ கூப்பிடப் போறாங்க?"

இந்த வைத்தியத்துக்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். கொலம்பியாவில், பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், 1978இல் எட்கர் ரே சனாப்ரியா என்ற பிள்ளை வைத்தியர் தொடங்கியது. குறைமாதப் பிள்ளைகளைச் சூடாக வைத்திருக்கிற பெட்டி போதவில்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று பிள்ளைகள். தாய்மாரின் நெஞ்சில் கட்டிவிட்டார். இல்லாமையில் பிறந்த வழி. அது பெட்டிக்குப் பதிலாகக் கிடைத்த ஏழை வைத்தியம் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தார்கள். 2022 நவம்பரில், எங்கள் மாடுகள் சாவதற்குச் சில கிழமைகளுக்கு முன்னால், உலக சுகாதார நிறுவனம் புதிய பரிந்துரை வெளியிட்டது. குறைமாதத்திலும் நிறை குறைந்தும் பிறக்கிற பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்க வேண்டும், ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் தொடக்கம் இருபத்து நான்கு மணித்தியாலம் வரை என்று. பெட்டி இருந்தாலும் முதலில் நெஞ்சுதான்.

1978 எனக்கு வேறு கணக்கிலும் மறக்காத வருடம். அந்த நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. எங்கள் பக்கத்துக்கும் வாலால் ஒரு அடி. எனக்குப் பதின்மூன்று வயது. கிடுகுக் கூரை பறந்து, நனைந்து, இருட்டுக்குள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடி, ஓட்டுக்கூரை போட்ட கல்வீடு ஒன்றுக்குள் ஏறினோம். நாற்பது பேர் இருக்கும். ஒரு சாமியறை, ஒரு மண்டபம். நெருப்பு மூட்ட ஏலாது, விறகும் நெருப்புப் பெட்டியும் நனைந்து கிடக்கின்றன. என் அம்மம்மா எழும்பி நின்று கோயில் வண்ணக்கர் மாதிரி ஆட்களைப் பிரித்தா. நனைந்த உடுப்பைப் பிழிந்து கழற்று, வெட்கம் பாராதே. சிறுசுகள் நடுவில். பால் குடிக்கிற பிள்ளைகள் தாயின் சட்டைக்குள். கிழடுகள் பிள்ளைகளுக்கு அடுத்த வளையம். ஆம்பிளைகள் கதவுப் பக்கமும் காற்று வருகிற பக்கமும். யாரோடு யார் கதையில்லை, எந்தக் குடி பெரிது, யாருடைய வேலியை யார் தள்ளிப் போட்டார் என்பதெல்லாம் அன்றிரவு நிற்பாட்டி வைத்த வழக்கு. எனக்கு முதுகுப் பக்கம் ஒட்டிக் கிடந்தவ எங்கள் வீட்டோடு மூன்று வருடம் கோபமாயிருந்த பக்கத்து வளவு மாமி. அவவின் மூச்சு என் பிடரியில் பட்டது இப்போதும் தெரியும். வெற்றிலை மணம்.

(விடிந்த பிறகு கோபம் திரும்ப வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் பழைய காரத்தோடு இல்லை.)

அம்மம்மாவுக்குப் பொகோட்டா தெரியாது. பட்டி மாட்டுக்காரர் சொன்ன கணக்கு அவவுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது எங்கள் ஊரில் அந்தக் கணக்கு மறந்துபோகிறது என்பதுதான் என் முறைப்பாடு. அதைச் சொல்ல மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குஞ்சம்மாவைச் சொல்ல வேண்டும். எண்பது தாண்டியவ. பெற்றது மூன்றும் ஆண்கள். பெண்பிள்ளை இல்லாதது எங்கள் பக்கத்தில் ஒரு தாய்க்கு முதுமையில் வந்து கடிக்கிற குறை. ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்துப் பெண் வீடுகளுக்குப் போய்விடுவார்கள், இவவுடையவர்கள் அதையும் தாண்டி வெளிநாட்டுக்கே போய்விட்டார்கள். தாயை மறந்தவர்கள் என்று சொல்லமாட்டேன். வீடு கட்டிக் கொடுத்தார்கள், மாபிள் தரை, மூன்று அறை, அறையோடு குளியலறை. மாதம் தவறாமல் காசு வரும். பெட்டியில் சாமான் வரும். ஒரு பெட்டியில் கம்பளிப் போர்வை ஒன்று வந்தது, மான் படம் போட்டது, பிடித்தால் முயல்குட்டி போல மெத்தென்று இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்து சனிக்கிழமை வெள்ளாப்பில் நான் அங்கே போனேன். எப்போதும் முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்கும், அன்றைக்குக் கேட்கவில்லை. கதவைத் தட்டி, தட்டி, பின்பக்கத்தால் போய்ப் பார்த்தால் கட்டிலில் சுவரோடு சாய்ந்து குந்தியிருக்கிறா. செத்துப்போன மனுசனின் பழைய சாரத்தால் போர்த்திருக்கிறா. கண் திறந்திருக்கிறது, கதை கொஞ்சம் குழறுகிறது. கையைப் பிடித்தேன். அக்கரைப்பற்றுப் பிள்ளையின் பாதம் நினைவுக்கு வந்தது. வயதானவர்களின் உடம்பும் அப்படித்தான் ஆகிவிடும். தோல் மெலியும், தசை வற்றும், நடுக்கம் குறையும். கூதல் அடிக்கிறதென்று மூளைக்கே சேதி பிந்திப் போகும். "எனக்கொண்டும் செய்யல்ல" என்று சொல்லிக்கொண்டே ஆறிப் போவார்கள்.

போர்வை அலுமாரிக்குள் இருந்தது, பொலித்தீன் பை உடைக்காமல்.

"ஏன் குஞ்சம்மா இதப் போத்தல்ல?"

முதலில் "நல்ல சாமான், ஆரும் வந்தா போடலாமெண்டு" என்றா. நான் விடாமல் கேட்கவும் சொன்னா: "போர்வைக்குள்ளயும் நான்தானே மனே கிடக்கப்போறன்? கிழவிட உடம்பில எங்க சூடு, அது பிடிச்சு வைக்க?"

பயிற்சிக் கல்லூரியில் எனக்கு ஒரு கிழமை படிப்பித்ததை அவ ஒரு வசனத்தில் முடித்தா.

கைத்தாங்கலாக என் குசினிக்குக் கூட்டி வந்தேன். அந்த வருடம் எங்கள் குசினியில் அடுப்பு எரிந்தது. அதற்கும் ஒரு கதை உண்டு, நீங்கள் எல்லோரும் அறிந்த கதை. 2022 பொருளாதார நெருக்கடியில் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று நின்று அலுத்து, கைவிட்ட விறகடுப்பை ஊரே திரும்பப் பூசி மெழுகியது. மின்வெட்டும் இருந்தது. தொலைக்காட்சி இல்லை, அறைக்குள் மின்விசிறி இல்லை, வெளிச்சம் இருக்கிற ஒரே இடம் அடுப்படி. பெரியவன், சின்னவன், மருமகள், பேரப்பிள்ளை எல்லாம் பலகையைப் போட்டுக்கொண்டு அங்கே வந்து குந்தினார்கள். நெருக்கடி தந்த நல்லது என்று அதைப் பாடமாட்டேன். அந்த வருடம் நிறை குறைந்து பிறந்த பிள்ளைகளை நிறுத்தவள் நான், தாய்மாரின் சாப்பாட்டுத் தட்டில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று காலை அந்த அடுப்படி இருந்தது. குஞ்சம்மாவை நடுவில் இருத்தி, ஈரச் சேலையை மாற்றி, என் மருமகள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் ஒட்டிக்கொண்டு, வேர்க்கொம்பும் மல்லியும் அவித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். பேரன் கேட்காமலே அவவின் மடியில் ஏறிக்கொண்டான். ஐந்து வயது உடம்பு, அடுப்புப் போலக் கொதிக்கும். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அவவுக்கு நடுக்கம் வந்தது. மருமகள் பயந்துவிட்டா. நான் சந்தோசப்பட்டேன். நடுங்கத் தொடங்கினால் உடம்பு திரும்ப வேலை செய்கிறதென்று அர்த்தம். பத்து மணிபோல அவ பிட்டும் சொதியும் கேட்டா. அதற்குப் பிறகுதான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும் காட்டினோம்.

அடுப்படியைப் பற்றி இப்படி எழுதிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருக்க என் தொழில் விடாது. விறகுப் புகை நெஞ்சுக்குக் கூடாது. பிள்ளைத்தாச்சியை அடுப்புக்குக் கிட்ட இருக்காதே என்று முப்பது வருடம் சொல்லித் திரிந்தவள் நான்தான். கூதலுக்கென்று சிரட்டைத் தணலைச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு படுப்பது புகையைவிட ஆபத்து. அந்தத் தணல் விடுகிற நச்சுவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை, படுத்தவர் எழும்பமாட்டார். கைப்பிள்ளையைப் பெரியவர்கள் நெருக்கிய படுக்கைக்குள் போர்வையால் மூடிக் கிடத்துவதும் வேண்டாம். நெஞ்சில் போடுவதென்றால் போட்டிருப்பவர் விழித்திருக்க வேண்டும், சாய்ந்திருக்க வேண்டும். நான் கேட்பது அடுப்பை இல்லை. அடுப்பைச் சுற்றிக் கூடிய ஆட்களை.

எங்கள் புது வீடுகளில் அந்தக் கூடுகிற இடம் எங்கே? சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எழும்பின வீடுகளைப் பார்க்கிறேன். நல்ல வீடுகள், கல்லும் கம்பியும். ஆளுக்கொரு அறை, அறைக்கொரு கதவு. முன்பு விறாந்தையில் பன்பாயை நீளத்துக்கு விரித்தால் அம்மம்மா தொடக்கம் கடைக்குட்டி வரை ஒரே வரிசை. யாருடைய கால் யார் மேலே என்று தெரியாது. கூதல் நாளில் பாய்கள் தாமாகவே நெருங்கும். இப்போது வீட்டிலேயே அதிகம் குளிர்கிற அறை கிழவருக்கு ஒதுக்கிய அறைதான், அங்கே இரண்டாவது உடம்பு இல்லை. தனி அறை கொடுப்பது மரியாதை என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். மரியாதைதான். கச்சான் காலத்தில்.

நிவாரணக்காரருக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. 2004 டிசம்பர் 26 இரவு எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் நான் நின்றேன். இந்த மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோன நாள். திருவெம்பாவைக் காலம். முதல்நாள் வெள்ளாப்பில் சங்கும் சேமக்கலமுமாகத் தெருவில் போன பிள்ளைகளில் சிலர் அன்றிரவு இல்லை. மிஞ்சினவர்கள் சீமெந்துத் தரையில் நனைந்த உடுப்போடு கிடந்தார்கள். சாப்பாட்டுப் பார்சல் நிறைய வந்தது, யாருக்கும் தொண்டைக்குள் இறங்கவில்லை. நடுச்சாமம் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வானில் சாரமும் துவாயும் பாயும் கொண்டுவந்து இறக்கினார்கள், முஸ்லிம் கடைக்காரர்கள், தங்கள் கடைகளிலேயே கட்டவிழ்த்த புதுச் சாமான். இரண்டு ஊருக்கும் நடுவில் நல்ல காலமும் இருந்திருக்கிறது, பக்கத்தில் போகவே பயந்த காலமும் இருந்திருக்கிறது. அந்த இரவு யாரும் அதை நினைக்கவில்லை. காய்ந்த துணிதான் தேவை என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. எந்தப் பட்டியலிலும் அது இருந்திருக்காது.

இன்றைக்கும் உலர் உணவுப் பொதி என்றால் அரிசி, பருப்பு, சீனி, ரின்மீன். கூடவே ஒரு காய்ந்த பாயும், ஒரு துவாயும், சுடுதண்ணிப் போத்தலும் வைத்தால் என்ன? முகாம் மண்டபத்தில் காற்றுப்படாத ஒரு மூலையைக் கயிறு கட்டிப் பிரித்து, பிள்ளை பெற்றவளுக்கும் வயதானவர்களுக்கும் விட்டால் என்ன? ஆண்கள் ஒரு மண்டபம், பெண்கள் ஒரு மண்டபம் என்று ஒழுங்கு பண்ணுகிறபோது, கிழவரையும் கிழவியையும் ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிடுகிறோம். அறுபது வருடம் ஒன்றாகப் படுத்தவர்கள். எங்கள் பிரிவில் எந்த வீட்டில் வயதானவர் தனியே இருக்கிறார் என்பது கிராம சேவகருக்கும் தெரியும், மிஸ்ஸிக்கும் தெரியும். மாரி தொடங்க முன்னமே, இந்த வீட்டு ஆச்சி கூதல் இரவில் எந்த வீட்டில் படுப்பா என்று ஒருதரம் இருந்து பேசிவைக்கலாம். சுற்றறிக்கையும் வேண்டாம், நிதியும் வேண்டாம். வளவுக்கு வளவு ஒரு பாய்க்கு இடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கிறதுக்குத்தான் எங்கள் சனத்துக்கு ஒரு வெட்கம், அந்த ஓட்டோக்காரத் தம்பிக்கு வந்த வெட்கம் போல. மாமி சுவர்ப் பக்கம் திரும்பினால் சரியாய்ப் போய்விடுகிற வெட்கம்.

குஞ்சம்மா அந்த மாரி முழுதும் இரவில் எங்கள் வீட்டில்தான் படுத்தா. அடுத்த மாரியும். பகலில் தன் மாபிள் வீட்டுக்குப் போய்விடுவா. மகன்மார் எடுத்தால் அங்கிருந்துதான் கதைப்பா. எனக்குக் குறட்டை இருக்கிறதென்று அவர்களிடம் சொல்லியும் வைத்திருக்கிறா.

2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தது. இந்தத் தடவை மலைநாட்டைத் தின்றது. மண்சரிவு, அறுநூறுக்கும் மேலே சாவு. மாண்டஸ் எங்களுக்கு ஒரு கிழமை காட்டின கூதல் அங்கே வருடம் முழுதும் இருக்கிறது, அதற்கு மேலே வீடும் இல்லை. எங்கள் தெருப் பெடியள் வீடு வீடாகப் போய்ப் போர்வையும் உடுப்பும் சேர்த்தார்கள். எங்கள் படலையடியில் வந்து நின்றபோது குஞ்சம்மா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மான் படப் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்தா. பொலித்தீன் பை இன்னும் உடைக்கவில்லை.

கொடுக்க முன்னம் பையைத் தடவிக்கொண்டு என்னிடம் கேட்டா, "அங்க இதுக்குள்ள படுக்க ஆள் இருக்குமா மனே?"

"ஒரு மண்டபத்தில நூறு பேர் கிடக்காங்களாம் குஞ்சம்மா."

"அப்ப குடு" என்றா.